திரையிலும் நீதிமன்றத்திலும் ஆள்மாறாட்டம்

ஒருவரைப் போலவே மற்றொருவர் தோற்றமளிப்பதும், அதனால் ஊரார் மயங்கித் தடுமாறுவதும் நெடுங்காலமாகவே நகைச்சுவைக்கு நல்ல கருப்பொருளாக இருந்து வந்துள்ளன. பண்டை உரோம நாடகாசிரியராகிய பிளாட்டஸ் இரட்டைப் பிறவிகளை வைத்து ஒரு நாடகம் எழுதினார். அதனை அடியொற்றிய ஷேக்ஸ்பியர், எசமானர்களில் ஓர் இரட்டை, வேலைக்காரர்களில் ஓர் இரட்டை என்று இரு மடங்காக்கிக் குழப்பத்தையும் சிரிப்பையும் பெருக்கினார். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திரைப்படத் துறையினர் இந்த மரபை விடாமல் போற்றினர். 1949-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்' என்னும் படத்தில் அலெக் கின்னஸ் என்னும் நடிகர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேராகத் தோன்றினார். 1958-இல் வெளிவந்த 'தி ஸ்கொயர் பெக்' என்னும் படத்திலோ நார்மன் விஸ்டம் சாலை செப்பனிடும் தொழிலாளியாகவும், அவனைப் போலவே முகம் வாய்த்த செருமானியத் தளபதியாகவும் நடித்து மக்களை மகிழ்வித்தார்.

மாணவ நண்பர்களே, இத்தகைய படங்களைப் பார்க்கும்போது நாம் ஏன் சிரிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மெய்யானவன் யார், போலி யார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். திரையில் உள்ளவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் போலியை வணங்குவதும், மெய்யானவனைத் துரத்துவதும் நமக்கு வேடிக்கையாக இருக்கின்றன. நாம் அமர்ந்திருக்கும் இருக்கை, உண்மை முழுவதும் தெரிகின்ற இருக்கை. அதற்காகத்தான் காசு கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்குகிறோம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வாழ்க்கையில் அத்தகைய இருக்கை எவருக்கும் கிடைப்பதில்லை. போலீசுக்காரருக்கும் கிடையாது, நீதிபதிக்கும் கிடையாது. அந்நிலையில் என்ன நேரும் என்பதை, இங்கிலாந்தில் நிகழ்ந்த சில மெய்ச் செய்திகளைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

முதலில் ஒரு திரைப்படம். 2005-ஆம் ஆண்டில் உருவான 'கலர் மீ குப்ரிக்' என்னும் அப்படம் எத்தன் ஒருவனைப் பற்றிய நகைச்சுவைப் படம்; ஆனால் கதை பெரும்பாலும் உண்மையில் நடந்தது. ஸ்டான்லி குப்ரிக் என்பவர் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர். 1928-இல் நியூயார்க் நகரில் பிறந்த அவர், பின்னர் இங்கிலாந்திலேயே குடியேறி வாழ்ந்தார். செய்தியாளர்களுக்கு முகங்கொடுக்காமல் ஒதுங்கியிருப்பது அவர் வழக்கம். அவருடைய பெயரை அறியாதார் இலர். முகத்தை அறிந்தாரோ மிகச் சிலர். 1990-களின் தொடக்கத்தில் ஆலன் கான்வே என்னும் இலண்டன்காரர் ஒருவர், விடுதிகளிலும் உணவகங்களிலும் தம்மைக் குப்ரிக் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த படத்தில் வாய்ப்புத் தருவதாக வாக்களிப்பார். உணவுக்கும் குடிக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவைப் பிறர் தலையில் கட்டுவார். நியூயார்க் டைம்ஸ் இதழின் நாடகத் திறனாய்வாளர் பிராங்க் ரிச்கூட இலண்டன் உணவகம் ஒன்றில் அவரைக் கண்டு, தாம் குப்ரிக்கைத்தான் சந்தித்ததாக நம்பினார்.

இதில் வியப்பு என்னவென்றால், கான்வேக்கும் குப்ரிக்குக்கும் உருவ ஒற்றுமை என்பது மருந்துக்கும் இல்லை. குப்ரிக் தாடி வைத்திருந்தார். கான்வே தாடி மழித்தவர். குப்ரிக் அமெரிக்க நாட்டார். கான்வேயின் பேச்சோ ஆங்கில நாட்டுப் பேச்சு. இருந்தும் கலைத்துறையில் பழுத்தவர்களே ஏமாந்தார்கள். காரணம், பெரிய மனிதர் ஒருவர் தம்மோடு ஒரே மேசையில் அமர்ந்து தோழமையுடன் பேசுகிறார் என்பதில் அவர்களுக்கு ஓர் இன்பம் இருந்தது. அந்த இன்பத்தை இழக்க மனமில்லாமல், கண்முன்னே தெரிந்த வேற்றுமைகளையெல்லாம் தாமே சமாதானம் சொல்லி மூடிக்கொண்டார்கள். இப்படத்தில் கான்வேயாக ஜான் மால்கோவிச் நடித்தார். படத்தை இயக்கிய பிரையன் குக்கும், கதை உரையாடல் எழுதிய ஆண்டனி பிரூவினும் மெய்யான குப்ரிக்கிடம் பல்லாண்டு பணியாற்றியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மெய்யானவரை நன்கறிந்தவர்கள் போலியின் கதையைச் சொன்னார்கள்.

இதற்கு மறுபுறமாக, உண்மையிலேயே உருவ ஒற்றுமை உள்ள ஒருவரின் கதையும் உண்டு. 1944-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்சின் வடகரையில் நார்மண்டியில் படையிறங்க நேச நாடுகள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தன. பகைவரின் கவனத்தைத் தென்திசைக்குத் திருப்ப வேண்டும். படையின் சம்பளப் பிரிவில் கிளிப்டன் ஜேம்ஸ் என்னும் அதிகாரி ஒருவர் இருந்தார். போருக்கு முன் நாடக நடிகராயிருந்தவர். அவர் முகம் தளபதி மாண்ட்கோமரியின் முகத்தைப் பெரிதும் ஒத்திருந்தது. அவரைத் தளபதியாக வேடமிடச் செய்து, மே மாத இறுதியில் ஜிப்ரால்டருக்கும் பின்பு வட ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பினார்கள். முகம் ஒத்திருந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. தளபதியின் நடை, பேச்சு, கையசைவு ஆகியவற்றை அவர் அருகிருந்து பயின்றார். முதல் உலகப் போரில் ஜேம்ஸ் ஒரு விரலை இழந்திருந்தார். அதற்குச் செயற்கை விரல் ஒன்று பொருத்தினார்கள். புகையும் மதுவும் தளபதிக்கு ஆகா. ஆகவே ஜேம்சும் அவற்றை விலக்க வேண்டியதாயிற்று. சீருடை, விமானம், வரவேற்பு, வணக்கம் எல்லாம் சேர்ந்தபோதுதான் அந்த முகம் மாண்ட்கோமரியின் முகமாயிற்று. 1958-இல் 'ஐ வாஸ் மாண்டிஸ் டபுள்' என்னும் பெயரில் இது படமாக்கப்பெற்றபோது, ஜேம்ஸ் தாமாகவும் தளபதியாகவும் தாமே நடித்தார்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஒற்றுமை என்பது முகத்தில் மட்டும் இருப்பதன்று. அதில் ஒரு பாதியைப் பார்ப்பவர் மனம் நிரப்பிக் கொள்கிறது. ஆளை நம்ப வேண்டும் என்ற ஆவல் மனத்தில் இருந்தால், ஒவ்வாத முகமும் ஒத்த முகமாகிவிடும். ஆளைப் பிடிக்க வேண்டும் என்ற வேகம் மனத்தில் இருந்தாலும் அவ்வாறே ஆகும். முதலாவது நேர்ந்தால் பணம் போகும். இரண்டாவது நேர்ந்தால் ஒரு மனிதனின் வாழ்வே போகும். அப்படிப் போன வாழ்வொன்றைத்தான் இனிக் காணப்போகிறோம். இதில் சிரிப்புக்கு இடமில்லை.

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், இலண்டன் மாநகரில் விக்டோரியா தெருவில், அடால்ஃப் பெக் என்பவர் தம் இருப்பிட வாயிலிலிருந்து இறங்கினார். நார்வே நாட்டில் பிறந்தவர். தென்னமெரிக்காவில் பல்லாண்டு பிழைத்து 1885-இல் இங்கிலாந்து திரும்பியவர். செப்புச் சுரங்கம் ஒன்றில் பணத்தைப் போட்டுக் கடன்பட்டுப் போனவர். நரைத்த தலையும் மீசையும் உடைய நடுத்தர வயதினர். அவரை ஒரு பெண்மணி வழிமறித்து, "ஐயா, உம்மை எனக்குத் தெரியும்" என்னும் பொருள்படப் பேசி, தம் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் வஞ்சித்துக் கொண்டு சென்றவர் அவரே என்று குற்றம் சாட்டினார். பெக் திகைத்து விலகிச் சென்றார். அம்மையார் விடாமல் பின்தொடர்ந்தார். தெருவில் நின்ற காவலரிடம் பெக் தாமே சென்று, இப்பெண் என்னைத் தொல்லைப்படுத்துகிறாள் என்று முறையிட்டார். இருவரும் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பெற்றனர். முறையிடச் சென்றவர் அங்கே குற்றவாளியாக நின்றார்.

அம்மையார் மொழி கற்பிக்கும் ஆசிரியை. அவர் சொன்ன கதை இது. சில வாரங்களுக்கு முன் தெருவில் ஒருவன் தம்மை வேறொரு சீமாட்டி என்று நினைத்துப் பேசியவன்போலப் பேச்சைத் தொடங்கினான். தான் ஒரு பிரபு என்றும், ஆண்டுக்கு 1,80,000 பவுன் வருமானம் என்றும், தன் உல்லாசப் படகில் பிரான்சின் தென்கரைக்கு அழைத்துச் செல்வதாகவும் கூறினான். புத்தாடை வாங்க 40 பவுனுக்கு ஒரு காசோலை எழுதிக் கொடுத்தான். இன்னும் உயர்ந்தவை வாங்கித் தருவதாகச் சொல்லி, அவருடைய கடிகாரத்தையும் மோதிரங்களையும் அளவு பார்க்க எடுத்துச் சென்றான். காசோலை செல்லாக் காசோலை; ஆளும் மறைந்தான். அவ்விரண்டாண்டுகளில் இலண்டனில் இதே முறையில் இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் ஏமாற்றப்பெற்றிருந்தார்கள் என்பது காவல்துறையின் பதிவு.

காவலர்கள் அடையாள அணிவகுப்பு நடத்தினார்கள். தெருவிலிருந்து அழைத்து வந்த ஆட்களோடு பெக்கையும் வரிசையில் நிறுத்தினார்கள். ஆனால் அந்த வரிசையில் நரைத்த தலையும் நரைத்த மீசையும் உடையவர் பெக் ஒருவரே! நரைத்த மனிதனைத் தேடி வந்த பெண்கள் வேறு எவரைச் சுட்டுவார்கள்? ஒருவர்பின் ஒருவராகப் பெக்கையே சுட்டினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை நாம் மறத்தல் கூடாது. அவர்கள் வஞ்சிக்கப்பெற்றவர்கள், தாம் கண்டதாக நம்பியதையே சொன்னார்கள். பொய்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம்; தான் சொல்வதை முழுமனத்தோடு நம்புகின்ற சாட்சியை மடக்குவது எளிதன்று.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல் வந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1877-இல், ஜான் ஸ்மித் என்னும் பெயருடைய ஒருவன் இதே முறையில் பெண்களை ஏமாற்றித் தண்டனை பெற்றிருந்தான். அவனை அன்று கைது செய்த காவலர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் வந்து பெக்கைப் பார்த்து, அந்த ஸ்மித் இவரேதான், ஐயமே இல்லை என்று உறுதி கூறினார். கையெழுத்து வல்லுநரோ, 1877-இல் ஸ்மித் எழுதிய எழுத்தும், இப்போது எத்தன் எழுதிய கடிதங்களும் ஒரே கையின் எழுத்துகளே என்று கருத்துரைத்தார்.

மாணவர்களே, இங்கே சற்று நின்று, வடிவ கணிதத்தில் தேற்றத்தை நிறுவுவதுபோல இதனை எண்ணிப் பாருங்கள். 1877-இல் எழுதியவனும் 1895-இல் எழுதியவனும் ஒருவனே என்று அரசுத் தரப்பின் வல்லுநரே கூறுகிறார். ஆனால் 1877-இல் பெக் இங்கிலாந்திலேயே இல்லை, தென்னமெரிக்காவில் இருந்தார், அதற்குச் சாட்சிகள் உண்டு. ஆகவே 1877-இல் எழுதியவன் பெக் அல்லன். ஆகவே 1895-இல் எழுதியவனும் பெக் அல்லன். இதனை நிறுவப் பெருமேதை வேண்டியதில்லை. உயர்நிலைப்பள்ளி மாணவன் போதும்.

பெக்கின் வழக்குரைஞர் இதனைத்தான் சொல்ல முயன்றார். 1896 மார்ச்சு மாதம் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அரசுத் தரப்பினர் 1877-ஆம் ஆண்டுப் பேச்சையே எடுக்காமல், அண்மைக் கடிதங்களைப் பற்றி மட்டுமே வல்லுநரை வினவினார்கள். பெக்கின் தரப்பில் பழைய எழுத்தைப் பற்றிக் கேட்க முற்பட்டபோது, அது இவ்வழக்கிற்குப் புறம்பான செய்தி, ஜூரிகளைக் குழப்பும் என்று கூறி நீதிபதி சர் பாரஸ்ட் புல்ட்டன் மறுத்துவிட்டார். இந்தப் புல்ட்டன்தான் 1877-இல் ஸ்மித் வழக்கில் அரசுத் தரப்பு வழக்குரைஞராக நின்றவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கதவு திறந்திருந்தால் பெக் வெளியேறியிருப்பார். அந்த ஒரே கதவு சாத்தப்பெற்றது. ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பெற்றது.

சிறையில் அவருக்கு ஸ்மித்தின் பழைய கைதி எண்ணையே கொடுத்தார்கள். மறுமுறை குற்றம் செய்து வந்தவர் என்பதற்கு அடையாளமாக 'டபிள்யூ' என்னும் எழுத்தையும் அதனோடு சேர்த்தார்கள். நீதிமன்றத்தில் பெக் தன்னை ஸ்மித் அல்லன் என்று நிறுவ இடமில்லை. சிறையிலோ அவர் ஸ்மித்தேதான். இத்தகைய முரண்பாட்டை நாடகாசிரியர் எவரேனும் எழுதினால், மிகைப்படுத்திவிட்டார் என்று நாம் குறை கூறுவோம்.

பெக்கின் தரப்பினர் உள்துறைக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார்கள். அக்காலத்தில் இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை. அரசின் கருணை ஒன்றே கதி. 1898-இல் அலுவலர் ஒருவர் ஸ்மித்தின் பழைய கோப்பைப் புரட்டியபோது ஒரு குறிப்புக் கண்ணில் பட்டது. ஸ்மித் யூத சமயத்தவன். அச்சமய வழக்கப்படி குழந்தைப் பருவத்தில் செய்யப்பெறும் சடங்கின் அடையாளம் அவன் உடலில் இருந்தது. பெக்கின் உடலில் அது இல்லை. தலை நரைக்கலாம், மீசை வளரலாம், உடல் பருக்கலாம். ஆனால் இந்த அடையாளம் இடையில் அழியக்கூடியதன்று. ஆகவே இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது.

பிறகு என்ன செய்தார்கள்? நீதிபதி புல்ட்டனின் கருத்தைக் கேட்டார்கள். பெக் ஸ்மித் அல்லராயினும், 1895-இல் ஏமாற்றியவர் அவரே என்னும் தீர்ப்பில் பிழை இல்லை என்பது அவர் கருத்து. அதன்மேல் உள்துறையினர் பெக்கின் கைதி எண்ணிலிருந்து 'டபிள்யூ' என்னும் எழுத்தை நீக்கினார்கள். அவரை விடுதலை செய்யவில்லை. எழுத்தைத் திருத்தினார்கள், தவற்றைத் திருத்தவில்லை. 1901 ஜூலையில், நன்னடத்தைக் கழிவு பெற்றுப் பெக் வெளியே வந்தார்.

துன்பம் அத்துடன் தீரவில்லை. 1904-இல் அதே முறையில் மீண்டும் பெண்கள் ஏமாற்றப்பெற்றார்கள். காவல்துறையினருக்குப் பெக்கின் நினைவுதான் முதலில் வந்தது. மீண்டும் கைது, மீண்டும் பெண்கள் ஐவர் அவரையே சுட்டினார்கள், ஜூன் 27-ஆம் நாள் மீண்டும் குற்றவாளி என்னும் தீர்ப்பு. ஆனால் இம்முறை நீதிபதி சர் வில்லியம் கிராந்தமின் மனத்தில் ஏதோ ஓர் ஐயம் உறுத்தியது. தண்டனை கூறாமல் தள்ளி வைத்தார். அந்தச் சிறு தாமதம் பெக்கைக் காத்தது.

ஜூலை 7-ஆம் நாள், ஜான் கேன் என்னும் துப்பறியும் ஆய்வாளர், வேறு வேலையாக ஒரு காவல் நிலையத்துக்குச் சென்றார். பெண்களிடம் ஏமாற்றி வாங்கிய மோதிரங்களை அடகு வைக்க முயன்ற ஒருவனை அன்று பிடித்து வைத்திருப்பதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கேனுக்குப் பெக்கின் வழக்கு தெரியும். பெக்கோ சிறைக் காவலில் இருக்கிறார். அப்படியானால் இந்த வேலையைச் செய்தவன் யார் என்று அவர் உள்ளே சென்று பார்த்தார். நரைத்த தலையுடைய ஒருவன் இருந்தான். விசாரணையில் அவனே பழைய ஜான் ஸ்மித் என்பது தெரியவந்தது; மெய்ப்பெயர் வில்ஹெல்ம் மேயர்; வியன்னாவிலிருந்து வந்தவன்; மருத்துவம் பயின்றவன். முன்பு பெக்கைச் சுட்டிய பெண்கள் இப்போது மேயரைக் கண்டதும் தம் தவற்றை உணர்ந்தார்கள். இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்களுக்கு, நரையும் மீசையும் தவிர ஒற்றுமை அவ்வளவாக இல்லை என்றே தோன்றியது. மேயர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்தாண்டுத் தண்டனை பெற்றான்.

ஜூலை மாத இறுதியில் பெக்குக்கு அரச மன்னிப்பு வழங்கப்பெற்றது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! பின்னர் 5,000 பவுன் இழப்பீடும் அளித்தார்கள். இதழாளர் ஜார்ஜ் சிம்ஸ் 'டெய்லி மெயில்' இதழில் இவ்வழக்கைப் பற்றி விடாது எழுதினார், நாடு கொதித்தது. மேல்நிலை நீதிபதி காலின்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. வழக்கை நடத்திய முறையிலும், உள்துறை விண்ணப்பங்களைக் கையாண்ட முறையிலும் இருந்த குறைகளை அக்குழு வெளிப்படுத்தியது. இவ்வழக்கும், பம்பாய்ப் பார்சி மரபில் வந்த தந்தைக்குப் பிறந்த ஜார்ஜ் எடால்ஜி என்னும் இளம் வழக்குரைஞர் பழிசுமத்தப்பெற்ற வழக்கும் மக்கள் மனத்தை உலுக்கின. எடால்ஜிக்காக வாதாடி எழுதியவர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த ஆர்தர் கானன் டாயில். இவற்றின் பயனாக, 1907-இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டப்படி நிறுவப்பெற்றது. பெக் அதன் பின் நெடுநாள் வாழவில்லை. உடலும் உள்ளமும் நொந்த நிலையில், 1909 டிசம்பரில் மருத்துவமனை ஒன்றில் காலமானார்.

ஓர் ஐயம் உங்களுக்கு எழலாம். அத்தனை பெண்களும் ஒரே தவற்றைச் செய்வது எவ்வாறு இயலும்? உளநூலார் இதனை நன்கு ஆராய்ந்துள்ளார்கள். நம் நினைவு நிழற்படம் போன்றதன்று. கண்ட காட்சியின் சில கூறுகளையே மனம் வைத்துக்கொள்கிறது. நினைவுகூரும்போது மற்றவற்றைத் தானே இட்டு நிரப்புகிறது. வரிசையில் நிற்பவர்களுள் நம் நினைவுக்கு மிக அணுக்கமாக இருப்பவர் யார் என்று தேடுகிறோம். மெய்யான ஆள் அந்த வரிசையிலேயே இல்லாமலிருக்கலாம் என்று எண்ணுவதில்லை. ஒருவரைச் சுட்டிவிட்டால், அதன் பின் நம் நினைவில் பதிவது சுட்டப்பெற்றவரின் முகமே. பழைய முகம் அதன் அடியில் மறைந்துவிடுகிறது. அடுத்த முறை கேட்டால், முன்னிலும் உறுதியாகச் சொல்வோம்.

இதனை உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். மாணவர்கள் அறியாத ஒருவரை, பாடம் நடக்கும்போது உள்ளே வந்து ஒரு நூலைக் கேட்டு வாங்கிச் செல்லுமாறு ஏற்பாடு செய்யுங்கள். அரைமணி கழிந்தபின், அவர் உயரம், உடை நிறம், கண்ணாடி அணிந்தாரா இல்லையா, எந்தக் கையால் நூலை வாங்கினார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். எழுதியவற்றை ஒப்பிட்டுப் படித்தால், ஒரே அறையில் பல ஆட்கள் வந்து போனார்களோ என்று தோன்றும். தாம் எழுதியதில் எவ்வளவு உறுதி என்பதையும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். உறுதி மிகுந்த விடைகள் எல்லாம் சரியான விடைகளாக இருக்கமாட்டா.

சட்டம் இந்தப் பாடத்தை மெல்லத்தான் கற்றது. பெக் விடுதலை பெற்ற 1901-ஆம் ஆண்டிலேயே இலண்டன் காவல்துறையில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கப்பெற்றது. அம்முறை 1897-இலேயே கல்கத்தாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எட்வர்டு ஹென்றியின் கீழ் அதனை வகைப்படுத்தியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவரின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் ரேகை கிடைக்காத வழக்குகளில் கண்கண்ட சாட்சியே தொடர்ந்து ஆட்சி செய்தது. இங்கிலாந்தில் மேலும் சிலர் இவ்வாறு தவறாகத் தண்டிக்கப்பெற்ற பிறகு, டெவ்லின் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1976-இல் அறிக்கை தந்தது. அவ்வாண்டிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம், அடையாளச் சாட்சியத்தை மட்டுமே நம்பி நடக்கும் வழக்கில் நீதிபதி ஜூரிகளைத் தனியே எச்சரிக்க வேண்டும் என்று விதித்தது. நம்பிக்கையோடு பேசும் சாட்சியும் தவறலாம். பல சாட்சிகள் ஒருமித்துச் சொல்வதும் தவறாகலாம் என்பதே அந்த எச்சரிக்கையின் கருத்து. பெக் முதன்முறை தண்டிக்கப்பெற்று எண்பது ஆண்டுகள் கழிந்த பின் வந்த விதி இது. அமெரிக்காவில் 1989 முதல் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பெற்றவர்களின் வழக்குகளைப் பார்த்தாலும், அவற்றுள் பெரும்பாலானவற்றில் கண்ணால் கண்டோர் ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருப்பது தெரிகிறது.

இக்காலத்தில் எத்தர்களின் கருவிகளும் வளர்ந்துவிட்டன. பிறர் குரலையும் முகத்தையும் பொறியே படைத்துத் தருகிறது. தொலைபேசித் திரையில் உறவினர் முகம் தோன்றிப் பணம் கேட்கலாம். சீருடை அணிந்த அதிகாரி தோன்றி மிரட்டலாம். கான்வேக்குத் தாடிகூடத் தேவைப்படவில்லை. இன்றைய எத்தனுக்கோ தாடியும் குரலும் நொடியில் கிடைக்கின்றன. ஆகவே முகத்தைக் கண்டு நம்புவதும் முகத்தைக் கண்டு பழிப்பதும் முன்னிலும் இடர் மிகுந்தவை ஆகிவிட்டன.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் முதுமொழியை நாம் சிறுவயது முதல் சொல்லி வருகிறோம். அதன் முதலிரு பகுதிகளைச் சொல்வது எளிது. எதையும் நம்பாதவன்கூட அவற்றைச் சொல்லிவிட்டுப் போகலாம். கடைசிப் பகுதியில்தான் உழைப்பு இருக்கிறது. பெக்கின் வழக்கில் உண்மை எங்கோ மறைந்து கிடக்கவில்லை. அரசின் கோப்பிலேயே எழுதப்பெற்றிருந்தது. புரட்டிப் பார்க்க இரண்டாண்டு ஆயிற்று. பார்த்த பின்னும் அதன்படி நடக்க மனம் வரவில்லை. ஐயம் தோன்றியதும் தண்டனையை நிறுத்தி வைத்த நீதிபதி ஒருவரும், தம் வேலையன்று என்று போகாமல் உள்ளே சென்று பார்த்த ஆய்வாளர் ஒருவருமே ஒரு மனிதனை மீட்டார்கள்.

நாளை நீங்கள் வழக்குரைஞர்களாகவும், அலுவலர்களாகவும், ஆசிரியர்களாகவும் அமர்வீர்கள். உங்கள் மேசைமேல் ஒருவனைப் பற்றிய முறையீடு வரும். பலர் ஒரே குரலில் அவன்தான் என்பார்கள். அப்போது கோப்பை ஒருமுறை கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பாருங்கள். நகைச்சுவைப் படத்தை நெஞ்சாரச் சிரித்து மகிழுங்கள். அதில் தவறே இல்லை. திரையரங்கை விட்டு வெளியே வந்தபின் மட்டும், எல்லாம் தெரிந்த இருக்கை நமக்கு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.